ஆயில் குறைந்தால் இன்ஜினை இறக்குவதற்கு முன் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் இணைப்பிதழில் பழைய கார்களைப் பராமரிப்பது பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. டயர், பேட்டரி பற்றியெல்லாம் நன்றாகவே எழுதியிருந்தார்கள், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் இன்ஜின் ஆயில் பற்றி இரண்டு வரி வந்திருக்கிறதே, இரண்டுமே தப்பு. ஆயில் குறைந்தால் டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்து காட்டிக்கொடுத்துவிடும், அதுவரை கவலை வேண்டாம் என்பது ஒன்று. வெளியே ஒழுகல் இல்லாமல் ஆயில் குறைகிறது என்றால் ரிங் (சிலிண்டருக்குள் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையம்) போய்விட்டது, இன்ஜினை இறக்கித்தான் ஆக வேண்டும் என்பது இன்னொன்று. இந்த இரண்டையும் நம்பி போன வருடம் நான் எழுபதாயிரம் ரூபாயைக் கொண்டுபோய்க் கொட்டியிருப்பேன், நூலிழையில் தப்பித்தேன். அதனால் கடிதம் கொஞ்சம் நீண்டாலும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பொள்ளாச்சிக்காரன். மகளை வால்பாறையில் கட்டிக்கொடுத்திருக்கிறோம், பேரன் பிறந்ததிலிருந்து வாரம் ஒரு தடவை மலை ஏறி இறங்குவது வழக்கமாகிவிட்டது. வண்டி 2016 மாடல், 1.2 லிட்டர் பெட்ரோல், நான்கு சிலிண்டர், 92,000 கி.மீ. ஓடியிருக்கிறது. ஐப்பசி மழைக்காலத்தில் ஒரு நாள் இறங்கி வந்துகொண்டிருந்தோம். மேலிருந்து இரண்டாவது கியரிலேயே வண்டியை விட்டு, பிரேக்கை அதிகம் மிதிக்காமல் இறங்குவது என் பழக்கம். ஒரு கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது அந்த ஆயில் விளக்கு ஒரே ஒரு நொடி மின்னிவிட்டு அணைந்தது. நேர்ச்சாலைக்கு வந்ததும் ஒன்றும் இல்லை. கண்ணுக்குத்தான் ஏதோ பட்டது என்று நினைத்தேன், அடுத்த வளைவில் மறுபடி மின்னியது, பக்கத்தில் இருந்த என் மனைவியும் பார்த்துவிட்டார்.

ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ பாயிண்ட் பக்கம் கொஞ்சம் சமமான இடம் இருக்கிறது, அங்கே ஓரம் கட்டி, பத்து நிமிடம் விட்டு, ஆயில் அளவைக் காட்டும் கம்பியான டிப் ஸ்டிக்கை உருவித் துடைத்து மறுபடி விட்டு எடுத்தேன். நுனியில் ஈரம்கூட இல்லை. சர்வீஸ் விட்டு நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. ஆழியாறு அணை கீழே அழகாகத் தெரிகிறது, ரசிக்கிற நிலைமையில் நான் இல்லை. காய்கறி ஏற்றிக்கொண்டு மேலே போன ஒரு பிக்கப் வண்டிக்காரர் நிறுத்தி என்ன என்று கேட்டார். அவரிடம் டீசல் வண்டிக்கு ஊற்றுகிற 15டபிள்யூ-40 ஆயில் ஒரு டின் இருந்தது, என் வண்டிக்கு 5டபிள்யூ-30. ஊற்றலாமா என்று நான் தயங்கியதைப் பார்த்துவிட்டு, "இல்லாத ஆயிலுக்கு இருக்கிற ஆயில் மேலுங்க சார், ஊத்திட்டுப் போயி நாளைக்கு மாத்திக்கோங்க" என்றார். காசு வாங்க மறுத்துவிட்டார். அவர் சொன்னது சரிதான் என்று பின்னால் கேட்டுத் தெரிந்துகொண்டேன், அவசரத்துக்கு வேறு கிரேடு இன்ஜின் ஆயில் கலந்தால் இன்ஜின் செத்துப்போகாது, ஆயில் இல்லாமல் ஓட்டினால் செத்துப்போகும்.

அந்த விளக்கு விஷயத்துக்கு வருகிறேன். அது காட்டுவது ஆயிலின் அளவை அல்ல, அழுத்தத்தை. இன்ஜினுக்கு அடியில் சம்ப் என்கிற தொட்டியில் ஆயில் தேங்கியிருக்கிறது, அதில் மூழ்கியிருக்கும் வடிகட்டி வழியாகப் பம்ப் உறிஞ்சி மேலே அனுப்புகிறது. ஆயில் பாதியாகக் குறைந்தாலும் அந்த வடிகட்டி மூழ்கியிருக்கிற வரை அழுத்தம் வரும், விளக்கும் எரியாது. என் வண்டியில் நடந்தது என்னவென்றால், வளைவில் திரும்பும்போது, மிச்சமிருந்த கொஞ்ச ஆயிலும் ஒரு பக்கமாக ஒதுங்கி, பம்ப் ஒரு நொடி காற்றை உறிஞ்சியிருக்கிறது. சமவெளியில் மட்டும் ஓட்டுகிறவராக இருந்தால் இந்த மின்னலும் கிடைத்திருக்காது. விளக்கு அணையாமல் நின்று எரிகிறபோது பேரிங்கெல்லாம் காய்ந்து உரச ஆரம்பித்திருக்கும். சில புதிய வண்டிகளில் அளவைக் காட்டுகிற சென்சார் தனியாக இருக்கிறது, நம் ஊரில் ஓடுகிற சாதாரண வண்டிகளில் பெரும்பாலானவற்றில் இல்லை. ஆகவே டிப் ஸ்டிக் ஒன்றுதான் கதி.

மறுநாள் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போனேன், பெயர் வேண்டாம். பழைய ஆயிலை வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றினார்கள். வண்டியை லிஃப்டில் ஏற்றிப் பார்த்தார்கள், ஒழுகல் இல்லை என்றார்கள். ஸ்டார்ட் செய்து பின்னால் போய் நின்று பார்த்தார்கள், புகையும் இல்லை. ஆனாலும் கால் மணி நேரத்தில் தீர்ப்பு வந்துவிட்டது, ரிங் போயிருக்கிறது, இன்ஜினை இறக்கி ரிங் செட், தேவைப்பட்டால் சிலிண்டரைக் கடைகிற போர் வேலை, எழுபதாயிரம் ஆகும், திறந்த பிறகு கூடவும் செய்யலாம். எப்படித் தெரியும் என்று கேட்டால், "வெளிய போகலன்னா உள்ளதான சார் எரியுது" என்கிறார் அந்தத் தம்பி. அது சரிதான், உள்ளே எரிகிறது. எந்த வழியாக உள்ளே போகிறது என்பதுதானே கேள்வி. இதில் வேடிக்கை, முந்தைய சர்வீஸின்போது ஆயில் கொஞ்சம் குறைகிற மாதிரி இருக்கிறது என்று நானே சொன்னதற்கு, இதே இடத்தில் 1,000 கி.மீ.க்கு ஒரு லிட்டர் வரை குறைவது சாதாரணம் என்று சொல்லி அனுப்பினார்கள். 10,000 கி.மீ.க்கு ஒரு சர்வீஸ். அந்தக் கணக்குப்படி ஒரு சர்வீஸுக்கும் அடுத்ததற்கும் நடுவில் பத்து லிட்டர் ஊற்ற வேண்டும், மொத்தமே மூன்றரை லிட்டர் பிடிக்கிற இன்ஜினுக்கு! அன்றைக்குச் சாதாரணமாக இருந்தது இன்றைக்கு எழுபதாயிரமாக ஆகிவிட்டது.

யோசித்துச் சொல்கிறேன் என்று வண்டியை எடுத்துக்கொண்டு, எங்கள் வீட்டு வண்டிகளை இருபது வருடமாகப் பார்க்கிற உள்ளூர் மெக்கானிக்கிடம் போனேன். அவர் பானெட்டைத் திறக்கவே இல்லை. முதலில் ஒரு நோட்டு வாங்குங்க என்றார். "எவ்வளவு போகுது, எப்பப் போகுதுன்னு தெரியாம இன்ஜினைத் தொடக் கூடாதுங்ணா." டிப் ஸ்டிக்கின் மேல் கோடு வரை சரியாக ஊற்றி, கி.மீ. எழுதி, ஒரு அளவுக் கோப்பையும் கையில் கொடுத்தார். காலையில் வண்டியை எடுப்பதற்கு முன், வாசலில் அதே இடத்தில், அதே பக்கம் பார்த்து நிறுத்திப் பார்க்க வேண்டும், சரிவில் நிறுத்திவிட்டு ஆயில் குறைந்துவிட்டது என்று வந்து நிற்கக் கூடாது. குறைந்தால் மறுபடி மேல் கோடு வரை கோப்பையால் அளந்து ஊற்றி, எத்தனை மி.லி. என்று எழுத வேண்டும். மேல் கோட்டைத் தாண்டி ஊற்றவும் கூடாது, அடியில் சுற்றுகிற கிராங்க் தண்டு ஆயிலை அடித்து நுரையாக்கி, அதுவே ஆயில் போவதற்கு ஒரு காரணமாகிவிடும். பால் கணக்கு மாதிரி ஆயில் கணக்கு எழுத ஆரம்பித்துவிட்டீர்கள் என்று வீட்டில் ஒரே கேலி.

அந்த நோட்டில் ஒன்றரை மாதத்தில் வந்த கணக்கு இது: வால்பாறைக்கு நான்கு தடவை போய்வந்தது 520 கி.மீ., குறைந்தது 400 மி.லி. கோவை, உடுமலை, பழனி என்று சமவெளியில் ஓடியது 500 கி.மீ., குறைந்தது 50 மி.லி. பார்த்ததும் மெக்கானிக் முகத்தில் ஒரு சிரிப்பு. ஒழுகலாக இருந்தால் சமவெளியிலும் ஓரளவு போயிருக்கும், இது மலையை மட்டும் தேடிப் போகிறது, அதுவும் ஏற்றத்தில் இல்லை, இறக்கத்தில் என்று எனக்குச் சந்தேகம் என்றார்.

ஏன் இறக்கத்தில் என்பதை அவர் சொன்ன விதம் எனக்குப் புரிந்த அளவுக்கு எழுதுகிறேன். காலை ஆக்ஸிலரேட்டரிலிருந்து எடுத்துவிட்டுக் கியரிலேயே இறங்கும்போது இன்ஜினுக்குக் காற்று விடுகிற கதவான திராட்டில் மூடியிருக்கிறது, ஆனால் சக்கரம் இன்ஜினை வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. உள்ளே இழுக்கக் காற்றுப் போதாமல் காற்று நுழைகிற இன்டேக் பக்கம் பலமான வெற்றிடம் உண்டாகிறது, எங்கே சந்து கிடைத்தாலும் அது ஆயிலை உறிஞ்சிவிடும். அந்தச் சந்து மூன்று இடத்தில் இருக்கலாம்: வால்வைச் சுற்றி ஆயிலைத் தடுக்கிற ரப்பரான வால்வு சீல் கெட்டியாகி வெடித்திருக்கலாம், ஆயில் ரிங் கரி பிடித்து ஒட்டிக்கொண்டிருக்கலாம், அல்லது இன்ஜினுக்குள் சேர்கிற வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வு கெட்டிருக்கலாம். முதல் இரண்டுக்கும் நிறையப் பிரிக்க வேண்டும், மூன்றாவதைக் கையாலேயே கழற்றலாம். அதனால் எளிதானதிலிருந்து தொடங்கினார், ஆனால் அதற்கும் முன்னால் மற்ற இரண்டையும் பிரிக்காமலேயே ஒரு பார்வை பார்த்துவிட்டார்.

அடியில் இருக்கும் பிளாஸ்டிக் கவரைக் கழற்றினார். இதை லிஃப்டில் ஏற்றிய இடத்தில் கழற்றவில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரியும், சின்ன ஒழுகல் இருந்தால் சொட்டுச் சொட்டாக அந்தக் கவரிலேயே தேங்கி ஊறிப் போய்விடும், தரையில் ஒரு சொட்டும் விழாது. ஓடும்போது மட்டும் ஒழுகுகிற ரகமும் உண்டு, காற்று அதைப் பின்பக்கம் அடித்துப் பரப்பிவிடும். வீட்டு வாசலில் ராத்திரி அட்டை விரித்து வைத்துவிட்டுக் காலையில் சொட்டு இல்லை என்று நிம்மதி அடைவது பாதிப் பரிசோதனைதான். எங்கள் வண்டியில் கவர் காய்ந்தே இருந்தது. இன்ஜினின் மேல்மூடியான டேப்பெட் கவரின் பேக்கிங் ஓரத்தில் மட்டும் லேசான கசிவு, தூசி ஒட்டிக் கறுத்திருந்தது.

அடுத்து நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி ஒரு துணியில் வரிசையாக வைத்தார். ஒரே ஒரு பிளக் மட்டும் ஆயில் குளித்திருந்தால் அந்தச் சிலிண்டரின் ரிங்கோ வால்வு சீலோதான் குற்றவாளி. எங்கள் வண்டியில் நான்கிலும் ஒரே மாதிரி மெல்லிய சாம்பல் படிவு. நான்கு பிள்ளைக்கும் ஒரே மாதிரி வயிற்றுவலி வந்தால் தண்ணீர்ப் பானையைப் பார்க்க வேண்டாமா, அதே கதை, நான்குக்கும் பொதுவான வழியில்தான் ஆயில் வருகிறது. சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு நிற்கிறது என்று கம்ப்ரஷன் பார்த்தார், நான்கும் ஏறக்குறைய சமம். ஏதாவது ஒன்று குறைவாக இருந்தால் அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்ப்பாராம், ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. ஆனால் கம்ப்ரஷன் நன்றாக இருப்பதால் ஆயில் ரிங் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை, கம்ப்ரஷனைப் பிடிப்பது மேலே உள்ள இரண்டு ரிங், ஆயிலை வழிப்பது அடியில் உள்ளது, இதை அவரே எச்சரிக்கையாகச் சொன்னார். காலையில் முதல் ஸ்டார்ட்டில் நீலப் புகை ஒரு குப்பென்று வந்து நின்றுவிட்டால் வால்வு சீலைச் சந்தேகப்படலாம், அதுவும் எங்களுக்கு இல்லை. புகையே இல்லாததால் எரியவில்லை என்று நினைக்கவும் வேண்டாம், இந்தக் காலத்து வண்டியில் சைலன்சர் வழியிலுள்ள கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் கொஞ்சம் ஆயில் புகையைத் தின்று மறைத்துவிடும், தின்றே தானும் கெட்டுப்போகும்.

கடைசியாக இன்டேக் குழாயைக் கழற்றி உள்ளே விரலை விட்டு எடுத்தார். விரல் நுனி கறுப்பாக, வழவழவென்று வந்தது. பிசிவி வால்வைக் கழற்றி என் காதருகே ஆட்டினார். நல்ல வால்வு கிலுகிலுப்பை மாதிரி கடகடவென்று சத்தம் போட வேண்டும், இது ஊமை. உள்ளே இருக்கிற குட்டி முளை கசடு பிடித்துத் திறந்த நிலையிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த வால்வின் வேலை, இன்ஜினுக்குள் சேர்கிற வாயுவை இன்டேக்குக்கு அனுப்பி எரிப்பது. வெற்றிடம் பலமாகும்போது முளை தானாக நகர்ந்து வழியைச் சுருக்கிக்கொள்ள வேண்டும். சுருக்கவில்லை என்றால் ஒவ்வொரு இறக்கத்திலும் ஆயில் ஆவியோடு ஆயிலும் சேர்ந்து உள்ளே போகும். ஆழியாறு வரை நாற்பது கொண்டை ஊசி வளைவு, சுமார் 40 கி.மீ. இறக்கம். என் வண்டி அந்தத் தூரம் பூராவும் ஸ்ட்ரா போட்டு ஆயில் குடித்துக்கொண்டே வந்திருக்கிறது.

புது வால்வு ஐநூறு ரூபாய்க்குள். அந்த டேப்பெட் கவர் பேக்கிங்கையும் கையோடு மாற்றிவிடுங்கள் என்றேன். மாட்டேன் என்றுவிட்டார். "ரெண்டையும் ஒண்ணா மாத்தினா எது திருடன்னு தெரியாமப் போயிருங்ணா." மறுபடி நோட்டு, மறுபடி நான்கு தடவை வால்பாறை, அதே 520 கி.மீ., குறைந்தது 80 மி.லி. அதற்கப்புறம்தான் பேக்கிங்கை மாற்றினார்.

எல்லோருக்கும் பிசிவி வால்வுதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை, அப்படி எடுத்துக்கொண்டால் நானும் அந்தக் கட்டுரையாளர் செய்ததையே செய்தவனாகிவிடுவேன். கோவையில் என் மச்சான் வண்டிக்கு வந்தது வேறு வியாதி. அவர் வீட்டிலிருந்து ஆபீஸ் 3 கி.மீ., இன்ஜின் சூடாவதற்குள் நிறுத்திவிடுவார். மாதக்கணக்கில் டிப் ஸ்டிக் அசையாது, பெருமையாகச் சொல்லிக்கொள்வார். ஒரு தடவை குடும்பத்தோடு சென்னை போய் இறங்கிப் பார்த்தால் அரை லிட்டருக்கு மேல் காணோம். ஒரே நாளில் அவ்வளவும் எரியவில்லை. குட்டிக் குட்டி ஓட்டத்தில் எரியாத பெட்ரோல் கொஞ்சம் கொஞ்சமாக ஆயிலில் இறங்கி, குறைந்த ஆயிலின் இடத்தை நிரப்பிக்கொண்டிருந்தது, நெடுஞ்சாலைச் சூட்டில் அது ஆவியாகிப் போனதும் உண்மையான அளவு தெரிந்துவிட்டது. டிப் ஸ்டிக்கை முகர்ந்தால் பெட்ரோல் வாசனை வருகிறதா என்று முன்னாடியே பார்த்திருந்தால் பிடித்திருக்கலாம்.

வால்பாறைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பக்கத்தில் சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே அதிகம் மழை பெய்கிற இடங்களில் ஒன்று, அந்த ஈரத்திலும் குளிரிலும் கிட்டத்தில் மட்டும் ஓட்டுகிற வண்டிகளில் ஆயில் மூடியின் அடியில் மோர் நுரை மாதிரி படிந்திருக்கும். உடனே கூலன்ட் ஆயிலில் கலக்காமல் தடுக்கிற ஹெட் கேஸ்கெட் போச்சு என்று யாராவது சொன்னால் பயந்துவிடாதீர்கள். டிப் ஸ்டிக்கிலும் அதே மோர் நிறம் இருந்து, கூலன்ட்டும் குறைந்துகொண்டே வந்தால் மட்டும்தான் பயப்பட வேண்டும். டர்போ டீசல் வைத்திருப்பவர்கள் டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கிற இன்டர்கூலரின் குழாயையும் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள், டர்போ சீல் போய் அந்த வழியாக அதிக ஆயில் உள்ளே போனால், சாவியை எடுத்தாலும் நிற்காமல் இன்ஜின் தன் ஆயிலையே எரித்துக்கொண்டு தலைதெறிக்க ஓடும்.

ரிங் கோளாறே கிடையாது என்றும் சொல்லவில்லை. அமெரிக்காவில் டொயோட்டா 2.4 லிட்டர் இன்ஜின் ஒன்றில், 2007-ஐ ஒட்டி வந்த மாடல்களில், பிஸ்டன், ரிங் அமைப்பாலேயே ஆயில் குடிக்கிற பிரச்சினை வந்தது. அங்கே என்ன செய்தார்கள் தெரியுமா, ஆயிலை மேல் கோடு வரை நிரப்பி, 1,200 மைல் ஓட்டிவிட்டு வரச் சொல்லி, ஒரு குவார்ட்டுக்கு மேல், அதாவது நம் கணக்கில் சுமார் 1,900 கி.மீ.க்கு ஒரு லிட்டர் அளவுக்கு மேல், குறைந்திருந்தால்தான் பிஸ்டனையும் ரிங்கையும் மாற்றுவது என்று வைத்தார்கள். எங்கள் மெக்கானிக் கொடுத்த நோட்டுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. நம் ஊர் சர்வீஸ் சென்டர்களில் இதைச் செய்ய என்ன கஷ்டம்? சர்வீஸ் முடிந்து வண்டியைக் கொடுக்கும்போது ஆயில் எந்தக் கோட்டில் இருக்கிறது என்று வாடிக்கையாளரை அழைத்துக் காட்டி, ஜாப் கார்டில் எழுதிக் கையெழுத்து வாங்கலாமே. மூன்றரை லிட்டர் பிடிக்கிற வண்டிக்கு மூன்று லிட்டர் ஊற்றி அனுப்பிவிட்டு, அப்புறம் ஆயில் குறைகிறது என்று தேடுகிற கூத்தும் அதோடு நின்றுவிடும்.

இதையெல்லாம் நீங்கள் முழுக்கப் போட இடம் இருக்காது என்று தெரியும். வெட்டுவதானால் என் கதையை வெட்டிவிடுங்கள். விளக்கு எரியும்வரை கவலை வேண்டாம் என்கிற அந்த வரியை மட்டும் அடுத்த ஞாயிறு திருத்திப் போட்டுவிடுங்கள், அதைப் படித்துவிட்டு இந்த வாரமும் யாராவது நாற்பது வளைவு இறங்கிக்கொண்டிருப்பார்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்,
பொள்ளாச்சி